கொட்டை இருக்கும்வரை படம்

வில்லாபுரத்தில் அந்தத் தெருவுக்கு முதல் டிவி நல்லகாமன் வீட்டுக்குத்தான் வந்தது. இலங்கை டிவி எட்ட வேண்டுமென்று அவர் நட்ட உயரமான ஆன்டெனாக் குழாய், அடுப்படி ஜன்னலை ஒட்டி மேலே போனது. வீட்டில் மேசை இல்லாததால் அவர் மனைவி ஜெயக்கொடி, காப்பிக்கொட்டை அரைக்கும் கைமிஷினை அந்தக் குழாயிலேயே முடுக்கியிருந்தாள். அவள் அரைத்தால் படம் தெளிவாக வந்தது. நிறுத்தினால் திரை முழுக்கப் புள்ளி. கொட்டை போடாமல் வெறுமனே சுற்றினால் தலைகள் வந்தன, கால்கள் வரவில்லை.

அதனால் படம் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கை வறுத்த கொட்டை கொண்டுவந்தார்கள்.

“அக்கா, இன்னைக்குப் பெரிய படமாம். ரெண்டு கை சேத்தே கொண்டாந்திருக்கேன்” என்பாள் பக்கத்து வீட்டு பக்ருன்னிசா. அந்தத் தெருவில் டீ குடிக்கிறவர்களே இல்லாமல் போனார்கள்.

ஜெயக்கொடிக்கு எல்லாப் படத்தின் வசனமும் மனப்பாடம். ஆனால் அவள் ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. “ஏங்க, யாரு அழுகுறது?” என்று அடுப்படியிலிருந்து கேட்டால், “அதான் சத்தம் கேக்குதுல்ல” என்பார் நல்லகாமன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் முடியப்போகிற கட்டத்தில் அவள் கைப்பிடியை விட்டாள். முன்னறையில் ஒரே கூச்சல். நல்லகாமன் ஓடிவந்தார்.

“என்ன புள்ள, நிறுத்திட்ட?”

“கை கடுக்குது. செத்த சுத்துங்க, இந்தா வாரேன்.”

போனவள் பக்ருன்னிசாவைத் தள்ளி உட்காரச் சொல்லி, டிவிக்கு நேர் எதிரே அமர்ந்தாள். படம் தெளிந்தது. யாரோ விம்மினார்கள்.

“யாரு புள்ள அழுகுறது?” அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ஜெயக்கொடி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“அதான் சத்தம் கேக்குதுல்ல. நிறுத்தாமச் சுத்துங்க.”