தைலம்மாள் வீட்டுச் சுரை

தைலம்மாள் சுரைக்காயைத் தட்டிப் பார்த்துத்தான் பறிப்பாள். நகத்தால் கிள்ளிப் பார்க்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "உன் கன்னத்துல கிள்ளினா உனுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பாள். கிள்ளியவர் கணவர் தனகோட்டியாக இருந்தால், கேட்டதோடு நிற்காமல் கிள்ளியும் காட்டுவாள்.

செஞ்சியில், ராஜகிரி மலை தெரிகிற ஒரு தெருக்கோடியில் அவர்கள் வீடு. அரசாங்கம் கொடுத்த மனைப்பட்டாவில் கட்டியது. முன்னால் ஓடு போட்ட ஓர் அறை. பின்னால் கூரை வேய்ந்த சமையல்கட்டு. அதற்கும் பின்னால் மூன்று சென்ட் மண். தைலம்மாள் வம்சத்தில் யாருக்கும் அதற்கு முன் சொந்த மண் இருந்ததில்லை.

அவள் தொண்டூரில் பிறந்தவள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள், களை பறித்தவள். அவள் அம்மாவுக்கு விதைக்க இருந்த ஒரே இடம் குடிசையின் கூரை. வாசலோரம் ஒரு குழி, அதில் ஒரு சுரை விதை. கொடி சுவரேறிக் கூரை முழுக்கப் படரும். "நம்ம கழனி மேல இருக்குது" என்று அம்மா அண்ணாந்து காட்டுவாள். தைலம்மாள் கல்யாணமாகிப் போனபோது அம்மா புடவை முனையில் முடிந்து கொடுத்ததும் அந்த விதைதான்.

மூன்று சென்ட் கைக்கு வந்ததும் தைலம்மாளைப் பிடிக்க முடியவில்லை. கத்தரி, வெண்டை, கொத்தவரை, வேலியில் அவரை, பந்தலில் புடலை. புடலங்காய் வளையாமல் நீள, நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் தானாகக் கீரைப் பாத்திக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டினாள். மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்தால் கம்பை எடுப்பதற்கு முன் பேச்சைத்தான் எடுப்பாள். "ஒன்ன எடுத்தா முழுசா துன்னுட்டுப் போயேன்! இன்னாத்துக்கு எல்லாத்தையும் எச்சி பண்ற?" குரங்கு பந்தல் காலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கத்தரிக்காயைக் கடிக்கும்.

எல்லாவற்றிலும் பெருமை சுரைக்குத்தான். கழுத்துக் குட்டை, வயிறு பெரிது, தோலில் வெள்ளைத் தெளிப்பு. அப்படிப்பட்ட காய் சந்தையில் வராது. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நசுருதீனின் மனைவி அசீசுன்னிசா, வீட்டில் பிரியாணி என்றால் முதல் நாளே வந்து தாளிச்சாவுக்கு ஒரு காய் சொல்லிவிட்டுப் போவாள்.

வருடத்துக்கு ஒரு காயைக் கொடியிலேயே முற்ற விடுவாள் தைலம்மாள். அது காய்ந்ததும் உடைத்து, விதைகளை ஈரச் சாணியில் பதித்து, சமையல்கட்டுச் சுவரில் வட்டமாகத் தட்டிவிடுவாள். சாணிக்குள் இருக்கும் விதையைப் பூச்சி தொடாது. ஆடியில் அந்த வட்டத்தைப் பெயர்த்து அப்படியே குழியில் வைத்தால் விதையும் எருவும் சேர்ந்தே போய்விடும். அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம் அது. அதில் ஒரே ஒரு சிக்கல். விதை வைத்த சாணிக்கும் அடுப்பெரிக்கும் வறட்டிக்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. எரிப்பது வெளிச்சுவரில், விதைப்பது உள்சுவரில் என்பது வீட்டுச் சட்டம். எல்லோருக்கும் தெரியும். தனகோட்டிக்கும் தெரியும்.

எண்பத்தாறாம் வருட ஆடியில் ஒரு நாள் விடிய விடிய மழை. தனகோட்டி, செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருவிழாக் கூட்டம், முதல் நடைக்குச் சீக்கிரம் போக வேண்டும். தைலம்மாள் சுரைக்குக் குழி வெட்டத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். வெந்நீர் போடலாம் என்று வந்த தனகோட்டி, வெளிச்சுவர் வறட்டியெல்லாம் நனைந்து கூழாகிக் கிடப்பதைப் பார்த்தார். உள்ளே வந்தார். உள்சுவரில் நாலைந்து வட்டங்கள் நன்றாகக் காய்ந்திருந்தன. அந்த நேரத்தில் அவருக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை. அத்தனையையும் பெயர்த்து அடுப்பில் வைத்தார்.

தைலம்மாளுக்கு முதலில் கேட்டது சத்தம். பட், பட், பிறகு படபடவென்று. கூடவே கடலை வறுக்கிற வாசனை. மண்வெட்டியோடு ஓடிவந்தாள். தனகோட்டி அடுப்பெதிரே குந்தி, தீயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தைலா இது, வறட்டி பட்டாசு மாதிரி வெடிக்குது?"

அவள் வெந்நீர்த் தவலையை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். கரியைக் கிளறினாள். ஒரு விதைகூட வெள்ளையாக இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திட்டு வாங்கியே பழகிய மனிதருக்கு அது பயமாக இருந்தது. "திட்டேன் தைலா. நாலு வார்த்தை திட்டிடேன்."

"எங்கம்மா போயிடுச்சிய்யா" என்றாள் அவள்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தொண்டூர்க் குடிசை அடுத்த மழையிலேயே விழுந்துவிட்டது. அந்தச் சுரை வேறு எங்கும் இல்லை.

தனகோட்டி குளிக்காமலே வேலைக்குப் போனார். அன்று அந்தப் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அனந்தபுரம் ரெண்டா? சில்லறை குடும்மா. வூட்ல சுரை வெத இருக்குதா?"

"இன்னாப்பா, டிக்கெட்டுக்கு வெத வேற குடுக்கணுமா?"

"இருந்தா குடு தாயி. இல்லன்னா என்ன வூட்டுக்குள்ள சேக்க மாட்டா."

மறுநாள் தோல்பை நிறைய விதையோடு வீடு திரும்பினார். தைலம்மாள் முறத்தில் கொட்டிப் பார்த்தாள். "இது நீட்டுச் சுரை. இது பேய்ச் சுரை, வாயில வைக்க முடியாது. இது பூசணி. பூசணிய யாருய்யா குடுத்தது?" லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுடைய விதை அதில் இல்லை.

அவளும் காய் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய் வந்தாள். பிரயோசனமில்லை. சுரையை இளசாகத்தான் சமைப்பார்கள். முற்றினால்தான் விதை பிடிக்கும். "சூப்பரா இருந்துது தைலா" என்றார்கள். "நல்லா இருந்துதான்னா கேட்டேன்? ஒன்னையாவது முத்த வுட்டியாடி?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

துப்பு கிடைத்தது பஸ்ஸில்தான். கீரைக்கூடையோடு ஏறிய அவர்கள் தெருக் கமலாம்பாள், தனகோட்டியின் கேள்வி முடியுமுன் கையை ஆட்டினாள். "வெதையத் தேடுறியே, காயே ஊர சுத்திக்கினு இருக்குது. சைக்கிள் கடை பாய் அத முதுவுல கட்டிக்கினு பச்சைமுத்து கெணத்துல தெனம் குதிக்கிறாரு. உம் பொண்டாட்டி குடுத்ததுதானே அது?"

தனகோட்டி விசிலை ஊதிவிட்டார். பஸ் நடுரோட்டில் நின்றது.

"யாருப்பா எறங்கணும்?" என்றார் டிரைவர் விநாயகம்.

"நான்தான்" என்றார் தனகோட்டி. விநாயகம் விடவில்லை. செஞ்சி வந்த பிறகுதான் தனகோட்டி வீட்டுக்கு ஓடினார்.

தைலம்மாளுக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் கூரையின் மறுபக்கம் கண்ணில் படாமல் முற்றிப்போன ஒரு பெரிய காய். நசுருதீன் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நீச்சல் பழகுகிறவர்கள் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொள்வார்கள், ஆளை முங்க விடாது. நசுருதீன் நாற்பதைத் தொட்டவர், நல்ல உடம்பு. மாமனார் வீட்டுக் கிணற்றில் மச்சான்கள் எல்லோரும் குதிக்க, இவர் மட்டும் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக் குளித்ததை அவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில் ஆரம்பித்த நீச்சல் இரண்டு கோடையாகக் குடுக்கையோடு மட்டும்தான் நடக்கிறது.

தைலம்மாளும் தனகோட்டியும் கிணற்றுக்குப் போனபோது நசுருதீன் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார். அசீசுன்னிசா துண்டோடு மேட்டில் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் நசுருதீன் படியேறி வந்து குடுக்கையை அவிழ்த்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே கலகலவென்றது. தைலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒடைக்கணுமாக்கா?"

"ஒடைக்காம எப்படி எடுக்கறது பாய்?"

"இது இல்லன்னா நான் கல்லு மாதிரி போயிடுவேன். அடுத்த வாரம் மாமனார் வூட்டுக்குப் போறோம். இன்னொரு குடுக்கை காயறதுக்குள்ள என் மானம் போயிடும்."

"இப்ப மட்டும் எங்க இருக்குது?" என்றாள் அசீசுன்னிசா.

நசுருதீன் யோசித்தார். "சரிக்கா. இப்ப இது இல்லாம எறங்கறேன். எதிர்ப் படி வரைக்கும் போயிட்டேன்னா குடுக்கை உன்னுது. முங்கினேன்னா என்னுது. அப்ப நீ கேக்கக் கூடாது."

தைலம்மாள் குடுக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தனகோட்டி சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தார். நசுருதீன் குதித்தார்.

"கைய வீசுங்க பாய்! கால ஒதைங்க! அப்படித்தான்!" கிணறு எதிரொலிக்கத் தைலம்மாள் கத்தினாள். அவ்வளவு ஆசையாக அவர் சொந்த உம்மாகூட அவருக்குக் கத்தியிருக்க மாட்டாள். பாதிக் கிணறு போனார். அங்கே கீழே பார்த்துவிட்டார். ஆழம் கண்ணில் பட்டதும் கை நின்றது. தலை ஒருமுறை முங்கி எழுந்தது.

தனகோட்டி குதிப்பதற்குள் தைலம்மாள் குடுக்கையை வீசிவிட்டாள். யோசிக்கவே இல்லை. பதற்றத்தில் வீசியது நசுருதீனைத் தாண்டிப் போய், எதிர்ச்சுவர்க் கல்லில் மோதி, இரண்டாகப் பிளந்தது. தக்கையும் விதையுமாகத் தண்ணீரெங்கும் சிதறி மிதந்தன.

"ஐயோ வெத!" என்று அலறினாள் தைலம்மாள்.

"ஐயோ அக்கா வெத!" என்று அலறினார் நசுருதீன். அலறியபடியே எட்டிப் பாய்ந்து ஒன்றைப் பிடித்தார். பக்கத்தில் இன்னொன்று. அதைப் பிடிக்க அந்தப் பக்கம் போனார். பம்புசெட் குழாய் ஓரமாக ஒரு கூட்டமே போய்க்கொண்டிருந்தது, அங்கே போனார். கை நிறைந்ததும் வாயில் போட்டுக்கொண்டார். தனகோட்டி ஒரு பக்கம், நசுருதீன் ஒரு பக்கமாகக் கிணற்றைச் சல்லடையாகச் சலித்தார்கள்.

அசீசுன்னிசாதான் முதலில் கவனித்தாள். "இன்னாங்க, நீந்தறீங்க!"

நசுருதீன் நின்று யோசித்தார். யோசித்ததும் முங்கினார். தனகோட்டி தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் படியில் உட்கார வைத்தார்.

"வாயில இருக்கறதத் துப்புங்க பாய்" என்று முந்தானையை நீட்டினாள் தைலம்மாள். "முழுங்கிடாதீங்க." சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. படியில் உட்கார்ந்து, விதை சிந்தாமல் முந்தானையை இறுக்கிக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். அசீசுன்னிசா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விதைகளைத் தெரு முழுக்கப் பங்கிட்டாள் தைலம்மாள். அந்த வருடக் கொடி சமையல்கட்டுக் கூரையை மூடியது. அதன் பிறகு வருடா வருடம் முற்றின காயும் வீடுவீடாகப் போயிற்று. சமைக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லி, பொங்கலுக்கு வந்து தட்டிப் பார்த்துச் சோதிப்பாள்.

அவள் இறந்த வருடம் ஆடியில் அவளுடைய பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். சமையல்கட்டு உள்சுவரில் அந்த வருடம் விதை வட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் தேட வேண்டியிருக்கவில்லை. அசீசுன்னிசா ஒரு பிடி கொண்டுவந்தாள். கமலாம்பாள் சாணி வட்டத்தோடு வந்தாள். சாயங்காலத்துக்குள் முறம் நிறைந்துவிட்டது.

"இன்னும் ஆழமா வெட்டுங்க" என்றாள் அசீசுன்னிசா, குழியருகில் குந்தியபடி. "இவ்ளோண்டு குழியில போட்டா தைலாக்கா இன்னா பேச்சு பேசும்!"