சங்கிலி எட்டாத தூரம்

அஞ்சலோ தண்ணீர் மீற்றர் பார்ப்பவர். திருகோணமலையில் லிங்கநகர்ப் பக்கம் பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய் வருகிறார். அவரை இரண்டு தரம் நாய் கடித்திருக்கிறது. இரண்டுமே மடியில் வைத்துக் கொஞ்சுகிற வெள்ளைக் குட்டை நாய்கள். “விளையாட்டுக்குக் கவ்வினது” என்று வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்.

டிலானின் வீட்டு வளவில் நின்றது றொட்வைலர் சாதி நாய். கறுப்பு உடம்பு, கன்னத்தில் செம்மண் நிறத் திட்டு, பெரிய தலை. துறைமுக வேலைகளுக்கு லொறி ஓட்டும் டிலான், கள்ளருக்குப் பயந்து அதை வாங்கி, ‘கில்லர்’ என்று பெயரும் வைத்து, மூன்று முழச் சங்கிலியில் வேப்பமரத்தோடு கட்டியிருந்தான். மீற்றர் இருந்தது மரத்துக்குக் கிட்ட, சங்கிலி எட்டாத ஓரடி தள்ளி. முதல் மாதம் அஞ்சலோ இலக்கத்தைப் பார்த்ததும் ஓடிவந்துவிட்டார். மூன்றாம் மாதம்தான் நின்று பார்த்தார். குரைத்து ஓய்ந்ததும் அது வெட்டுப்பட்ட வால் கட்டையை ஆட்டியது. கழுத்தில் சங்கிலி அறுத்த புண்ணில் இலையான் மொய்த்தது.

“தம்பி, கழுத்துப் புண்ணாப் போச்சு” என்றார்.

“இந்தச் சாதியை அவிட்டுத் தடவிக் கொண்டிருந்தா மூர்க்கம் போயிடும் அண்ணை. பிறகு என்னத்துக்கு நாய்?”

அஞ்சலோ இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகும் எட்டு மாதம் அப்படித்தான் வந்தார். நமக்கு மீற்றர் பார்க்கிறதுதானே வேலை என்று சொல்லிக்கொள்வார். சொன்னபிறகும் அந்தப் புண் கண்ணுக்குள் நிற்கும்.

அடுத்த மாதம் அவர் போனபோது டிலானின் கேற்றில் சனம் கூடியிருந்தது. முதல்நாள் மாலை, கேற்றுக்கு வெளியே ஒழுங்கையில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அயல்வீட்டுச் சுதர்ஷிகாவை ஏதோ ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டு ஓடியிருந்தது. கட்டுப்போட்ட காலோடு அவளும் நின்றாள். அது கில்லர்தான், இன்றைக்கே கொன்றுவிடவேண்டும் என்றார்கள். டிலானும் தலையாட்டினான்.

“தங்கச்சி, கடிச்சது என்ன நிறம்?” என்று அஞ்சலோ கேட்டார்.

“பாக்கேல்ல அண்ணை. ஆனா இந்த ஒழுங்கையில வேற எது கடிக்கும்?”

அவர் கேற்றைத் திறந்து சனத்தை உள்ளே கூட்டிப்போனார். மரத்தைச் சுற்றிப் புல் இல்லாத ஒரு வட்டம். அதற்கு வெளியே நாயின் காலடித்தடம் ஒன்றும் கிடையாது. சங்கிலியின் ஆமைப்பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது.

“இதைத் திறந்து எத்தனை மாசம், தம்பி?”

டிலான் ஓரடி பின்னுக்குப் போனான். சனம் பூட்டைப் பார்த்தது. பிறகு ஒருவர், “இண்டைக்கு இல்லாட்டியும் இந்தச் சாதி ஒருநாளைக்குக் கடிக்கும்தானே” என்றார்.

அஞ்சலோவுக்குப் பழைய நினைவொன்று வந்தது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அவரை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கி வெயிலில் நிறுத்துவார்கள். அவர் ஒன்றும் செய்திருக்கவில்லை. அடையாள அட்டையில் இருந்த பெயரும் ஊருமே போதுமாக இருந்தது.

“நான் கொண்டு போறன்” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது.

திறப்புப் போட்டும் பூட்டு அசையவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து ஓட்டோ ஓட்டும் ஜெமீல், இரும்பு அரிகிற வாளொன்றை எடுத்து வந்தார். அரியும்போது சங்கிலி புண்ணில் உரசியது. நாய் சட்டென்று திரும்பி அஞ்சலோவின் மணிக்கட்டைக் கவ்வியது. பற்கள் தோலில் பதிந்தன. அவர் அசையாமல் இருந்தார். மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும், அது வாயைத் திறந்து, கவ்விய இடத்தை நக்கியது.

“நாய்கூட ஆளைப் பாத்துத்தான் பிடிக்குது, விடுது” என்று சொல்லிவிட்டு ஜெமீல் ஓட்டோவைக் கிட்டக் கொண்டுவந்தார். நேரே மிருக வைத்தியரிடம் போனார்கள்.

வீட்டில் மனைவி றோஸ் தையல் வேலை செய்பவள். நாயைப் பார்த்ததும், “இனி ஆர் எனக்குத் துணி கொண்டு வருவினம்?” என்றாள். அது சரியாகத்தான் இருந்தது. வந்தவர்கள் ரோட்டில் நின்று கூப்பிட்டார்கள், சிலர் வேறு தையல்காரியிடம் போனார்கள். றோஸ் இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். புண்ணுக்கு மருந்து பூசியதும் அவள்தான். கில்லர் என்று அழைக்க அவளுக்கு வாய் வரவில்லை. ‘கறுப்பி’ என்றாள். நாலு நாளில் அந்தப் பெயருக்கு அது காதை நிமிர்த்தியது.

சுதர்ஷிகாவைக் கடித்த நாய் எது என்று கடைசிவரை தெரியவில்லை. ஊசிகளெல்லாம் போட்டு முடித்த பிறகு அவள் ஒருநாள் தைக்கிற துணியும் அளவுச் சட்டையுமாக வந்து மதிலுக்கு வெளியே நின்றாள்.

“அக்கா, அதைக் கட்டுங்கோ, உள்ளுக்கு வாறன்.”

“கட்ட ஏலாது பிள்ளை. கழுத்து இன்னும் ஆறேல்ல. நான் வெளியில வாறன்.”

றோஸ் போய்த் துணியை வாங்கினாள். கதிரையில் இருந்த அஞ்சலோவுக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் வரவில்லை. கடிபட்டவளுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். சுதர்ஷிகா உடனே போகவில்லை. மதிலுக்கு மேலால் எட்டி, நிழலில் படுத்திருந்த நாயின் மருந்து பூசிய கழுத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.