வலியோடு சொன்ன போன்ஜூர்

எண்பதுகளின் நடுவில் நியூ ஜெர்சியில், பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட்டில் குடியிருந்தோம். என் கணவர் காலை ரயிலைப் பிடித்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போனால், இருட்டிய பிறகுதான் திரும்புவார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று வயதில் ஒரு பெண், வயிற்றில் ஏழு மாதம். பிரசவத்துக்கு வருவதாக இருந்த அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை என்று திருச்சியிலிருந்து தகவல் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பகலில் வலி எடுத்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்? பெண்ணை யாரிடம் விடுவது?

"எதிர் வீட்டு பிரெஞ்சுக்காரம்மாகிட்ட கேட்டுப் பாரேன். கார் வச்சிருக்காங்க, பகல்ல வீட்லதான் இருக்காங்க" என்றார் கணவர்.

போயும் போயும் அவரையா என்றிருந்தது எனக்கு. அதற்குச் சில நாள் முன்பு, துணி துவைக்கும் அறையில் அவரிடம் "இந்த மெஷின் காலியா?" என்று கேட்டிருந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்து "போன்ஜூர்" என்றார். நான் மறுபடி மெஷினைக் காட்டினேன். அவர் தன் துணிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார். பெரிய மகாராணி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் காரியம் ஆக வேண்டுமே. போய்க் கதவைத் தட்டினேன். திறந்ததும், "எனக்கு ஒரு உதவி வேணும். பிரசவ சமயத்துல..." என்று ஆரம்பித்தேன். "போன்ஜூர்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு விஷயத்தைத் தொடர்ந்தேன். இன்னும் அழுத்தமாக "போன்ஜூர், மதாம்" என்றார். நான் நின்றேன், அவரும் நின்றார். என்னைப் போகச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பி வந்து, சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

கணவரின் அலுவலகத்தில் பாரிஸில் சில வருடம் இருந்த ஒருவர் வேலை பார்த்தார். போன்ஜூர் என்றால் வணக்கம் என்று அவர்தான் கணவருக்கு விளக்கியிருக்கிறார். அங்கே ரொட்டி வாங்கப் போனாலும் முதலில் கடைக்காரருக்கு வணக்கம் சொல்ல வேண்டுமாம். எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போனால், எதிரில் நிற்பவரை மனுஷராகவே மதிக்கவில்லை என்று அர்த்தமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் தெருவில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி "மாமி, உறைக்குத் தயிர் இருக்கா?" என்று கேட்போம். தினம் பார்க்கிற மாமிக்கு வணக்கம் சொன்னால், "என்னடி, என் மேல கோபமா?" என்றுதான் கேட்பாள்.

கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். மறுநாள் கதவு திறந்ததும் "போன்ஜூர், மதாம்" என்றேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. என்னை இழுத்து இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று முத்தம் கொடுத்தார். நான் விறைத்துப்போய் நின்றேன். உள்ளே உட்கார வைத்துக் கிண்ணத்தில் காபி கொடுத்தார், ரொட்டியைத் தட்டில்லாமல் மேஜை மேலேயே வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்த் தயிர்க் கதையை அவரிடம் சொன்னேன். வணக்கமே சொல்லாமல் கேட்பதா என்று அதிர்ந்து போனார்.

பிப்ரவரியில் ஒரு நாள், நல்ல பனி. கணவர் ரயிலேறிப் போன கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. பெண்ணை இழுத்துக்கொண்டு போய் எதிர்க் கதவைத் தட்டினேன். கதவு திறந்தது. இந்த முறை தப்பு நடந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி "போன்ஜூர், மதாம்" என்று சொல்லிவிட்டுக் காத்து நின்றேன்.

அவரும் பழக்க தோஷத்தில், "போன்ஜூர். எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன். பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சில்தான். பெண்ணைப் பின் சீட்டில் வைத்து, பனியில் காரை ஓட்டியபடி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என் அம்மா பக்கத்தில் இருந்தாலும் இதே குரலில்தான் திட்டியிருப்பாள். அந்த வலியிலும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. மதியத்துக்குள் பையன் பிறந்துவிட்டான்.

மாலையில் கணவரோடு பெண்ணும் வந்தாள். நாள் முழுக்க முறுக்கைக் கடித்தபடி வீட்டைச் சுற்றுகிறவள், அன்று பிரெஞ்சு வீட்டு வழக்கப்படி நான்கு மணி வரை கொறிக்க எதையும் கேட்காமல், அப்புறம் மேஜை முன்னால் உட்கார்ந்து ரொட்டியும் சாக்லெட்டும் சாப்பிட்டாளாம். என் அறை வாசலில் நின்று "போன்ஜூர், அம்மா" என்றாள். நான் பதில் சொன்ன பிறகுதான் தம்பியைப் பார்க்க உள்ளே வந்தாள்.

கோடை வந்ததும் ஒரு நாள் என் வீட்டுக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் எதிர் வீட்டம்மாள், கையில் வெறும் கிண்ணம். வணக்கம் இல்லை, முத்தம் இல்லை.

"உறைக்குத் தயிர் இருக்கா?" என்றார் நேராக.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல், முறைப்படி நடந்துகொள்வது போல விறைப்பாகக் கிண்ணத்தை நீட்டியபடி நின்றார். இன்றும் யாரிடம் எதைக் கேட்கப் போனாலும் முதலில் முகம் பார்த்து வணக்கம் சொல்கிறேன். ஆனால் யாராவது வணக்கமே சொல்லாமல் உரிமையோடு வந்து கேட்டால், அந்நிய ஊரில் எனக்கு ஒரு சொந்தம் கிடைத்த அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.