புள்ளிக்காவின் இரவல் வசதி

புள்ளிக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவள் வேலை பார்த்த நான்கு தெருக்களில் சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் புள்ளிக்காதான். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடமாகக் களப்பணியாளர். வீடு வீடாகப் போய், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று படிவத்தில் குறித்துப் புள்ளி போடுவது அவள் வேலை. புள்ளி ஐம்பதைத் தாண்டினால் அது வசதியான குடும்பம். ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களில் மிகக் குறைந்த புள்ளி வாங்கிய நாற்பது குடும்பங்களுக்கு இடம். பிள்ளையின் பள்ளிச் செலவு, மாலை வகுப்பு, அங்கேயே ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும்.

படிவத்தைத் தயாரித்தவர்கள் மகா புத்திசாலிகள். மின்விசிறி இருந்தால் நான்கு புள்ளி, கட்டில் இருந்தால் மூன்று, டிவிக்கு ஐந்து. காற்று வாங்கும் பிள்ளைக்குப் பசிக்காது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. யாரோ தூக்கிப் போட்ட டிவியை ஒருத்தன் ஆறு மாதம் நோண்டி ஓட வைத்திருப்பான். அந்தக் குற்றத்துக்காக அவன் மகளின் படிப்பு நின்றுபோகும்.

புள்ளிக்கா இதை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. அவளால் முடிந்ததைச் செய்தாள். கணக்கெடுப்பு நாளன்று தெருமுனையில் சைக்கிள் மணியை மூன்று தரம் அடிப்பாள். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து ஒரே டீயை மெதுவாகக் குடிப்பாள், இரண்டு பேர் ஒரு பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்கும் வரை. சாமான்கள் எல்லாம் டயர்க்கடைக்காரர் வீட்டுக்குப் போய்விடும். அவருக்குப் பிள்ளை இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை. வருடத்தில் ஒரு நாள் மட்டும் மூன்று டிவி, ஏழு மின்விசிறி நடுவே மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். புள்ளிக்கா வீடுகளுக்குள் நுழையும்போது சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடக்கும். அவள் அதைப் பார்க்காமல் குனிந்து எழுதுவாள். அந்த விஷயத்தில் அவள் கண் ரொம்ப மரியாதை தெரிந்த கண்.

போன வருடம் காகிதப் படிவம் ஒழிந்து கையளவுக் கணினி வந்தது. கூடவே, அதைச் சொல்லிக்கொடுக்கக் கழுத்தில் டை கட்டிய ஒரு இளைஞனும் வந்தான். புதுத் திட்ட அலுவலர். ஆள் கெட்டவன் இல்லை. கணினி சொன்னால் சூரியன் மேற்கே உதிக்கும் என்று நம்புகிற ரகம், அவ்வளவுதான்.

"இனிமே ஆளைப் பார்த்து உதவி கிடையாது, புள்ளியைப் பார்த்துதான்," என்றான். "ஊழியர் பிள்ளைங்களைச் சேர்க்கக் கூடாதுங்கற பழைய விதியைக்கூட எடுத்தாச்சு. அது பாரபட்சமாம். சரி, எல்லாரும் அவங்கவங்க வீட்டையே நினைச்சு நிரப்பிப் பாருங்க. சும்மா பயிற்சிதான்."

புள்ளிக்கா நிரப்பினாள். தகரக் கூரை. ஒழுகுமா? ஒழுகும். வீட்டுக்காரர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போய், இரண்டு வருடமாக வீட்டோடு. ஒன்பதாம் வகுப்பில் ஒரே மகள். மின்விசிறி? ஒன்று, சுற்றாது. ஊரார் வீட்டுக்கெல்லாம் கூட்டியும் கழித்தும் எழுதியவள், தன் வீட்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். பதினோரு வருடத்தில் அவள் பொய் கலக்காமல் நிரப்பிய ஒரே படிவம் அது.

முப்பத்தொன்று என்று வந்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு சார்," என்றாள். கணக்காளர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். தன்னுடையது ஐம்பத்தொன்று என்று நிம்மதியோடு சொல்லிக்கொண்டார். இளைஞன் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகச் சொன்னான். அழிக்க மறந்துவிட்டான்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. இருபத்திரண்டாவது இடத்தில் புள்ளிக்காவின் குடும்பம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நாற்பதாவதாக இருந்த இஸ்திரிக்காரம்மா நாற்பத்தொன்றாகி வெளியே விழுந்திருந்தாள்.

இஸ்திரிக்காரம்மா, செத்துப்போன தன் தங்கையின் மகளை வளர்க்கிறவள். அந்தப் பெண் புள்ளிக்காவின் மகளோடு ஒரே வகுப்பு. அந்த வீட்டில் ஒளித்து வைக்க ஒரு சாமானும் கிடையாது. ஆனாலும் தெருவோரம் நிற்கும் இஸ்திரி வண்டிக்குப் புதுப் படிவம் 'சொந்தத் தொழில்' என்று பன்னிரண்டு புள்ளி போட்டிருந்தது. வண்டிக்கு ஒரு சக்கரம் இல்லை, செங்கல்தான் முட்டு. செங்கலுக்குப் படிவத்தில் கேள்வி இல்லை.

புள்ளிக்கா நேராக இயக்குநரிடம் போனாள்.

"மேடம், பயிற்சிக்குப் போட்டது உள்ள போயிருச்சு. என் பேரை எடுத்துடுங்க."

"பட்டியல் வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்குப் போயாச்சும்மா. அவங்க ஒப்புதலும் குடுத்தாச்சு," என்றார் இயக்குநர். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "இதுல ஒரு நல்லதும் இருக்கு பாரு. நம்ம ஊழியரே நம்ம பயனாளி! மக்களோட மக்களா நாம எவ்ளோ கலந்திருக்கோம்!"

தன் ஊழியர் எப்படி ஏழையானாள், அவளுக்கு மாதாமாதம் என்ன கொடுக்கிறோம் என்ற யோசனை அந்த அறையின் கதவருகே வந்து, உள்ளே நல்ல கம்பளம் விரித்திருப்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

"எடுக்கவே முடியாதா மேடம்?"

"மறுமதிப்பீடு கேட்கலாம். வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க. ஐம்பதைத் தாண்டுச்சுன்னா எடுத்துட்டு அடுத்த குடும்பத்தைச் சேர்ப்பாங்க. ஆனா அப்படி யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையேம்மா."

வீட்டில் வேறு கதை. யாரோ சொல்லி வீட்டுக்காரர் காதுக்கு விஷயம் முன்பே வந்துவிட்டது, மகளுக்கும் சொல்லிவிட்டார். மகளுக்குக் கணக்குப் பாடம் என்றால் காய்ச்சல். மூன்று பரீட்சையாகத் தோல்வி. மாலை வகுப்பில் கணக்கு சொல்லித்தர ஒரு நல்ல டீச்சர் இருந்தார். ஊழியர் மகள் என்பதால் இத்தனை வருடமாக அந்த வகுப்பின் ஜன்னலைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இப்போது ஐந்து புது நோட்டுக்கு அட்டை போட்டு, பேர் எழுதி வைத்திருந்தாள்.

"வந்ததை ஏன் வேணாங்கற?" என்றார் வீட்டுக்காரர். "நாம யாரையும் ஏமாத்தலையே. முப்பத்தொண்ணுன்னா முப்பத்தொண்ணுதான். நம்ம பொண்ணும் பொண்ணுதானே?"

 அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. புள்ளிக்கா அடுத்த இரண்டு நாளில் மகளுக்கு வகுப்பு கிடைக்கட்டும் என்று மூன்று முறை முடிவெடுத்தாள். முடிவெடுத்தபின் இஸ்திரி வண்டி நிற்கும் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தாள். மூன்றாம் நாள் சுற்றுவழியில் குழி தோண்டியிருந்தார்கள்.

வண்டியருகே அந்தத் தங்கை மகள் பள்ளிக்குப் போகாமல் நின்று சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரம்மா பெட்டியில் கரியை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க வீட்ல வசதி கூடிப்போச்சாம்க்கா. ஆபீஸ்ல சொன்னாங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "எந்தப் பக்கம் கூடுச்சுன்னு ரெண்டு நாளா தேடிக்கிட்டிருக்கேன். சரி, இவ கூட நின்னா நாளைக்கு இன்னும் நாலு வீட்டுத் துணி சேர்த்து வாங்கலாம். படிச்சது போதும்."

"இன்னும் ஒரு வாரம் பொறு," என்றாள் புள்ளிக்கா. நடந்ததை எல்லாம் அங்கேயே சொல்லி அழுதாள். அன்று மத்தியானமே மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தாள்.

விஷயம் தெரிந்ததும் நான்கு தெருவும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. பதினோரு வருடமாக ஏழையாகத் தெரிவது எப்படி என்று பழகிய ஜனங்கள். வசதியாகத் தெரிய வைப்பதற்குப் பாதி நாள் போதுமாக இருந்தது. டயர்க்கடைக்காரர் தள்ளுவண்டியில் கட்டிலைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டிலிருந்து சோபா, ஒரு வீட்டிலிருந்து டிவி. பின்னாலேயே இன்னொருவர் இன்னொரு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு வேணாம்ணே, சந்தேகம் வரும்," என்றாள் புள்ளிக்கா.

"பெட்ரூம்ல ஒண்ணு வைக்கலாம்ல?"

"பெட்ரூம் எங்க இருக்கு?"

அவர் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு டிவியைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். மூன்றாவது தெருவிலிருந்து வந்த பிரிட்ஜ் குளிராது. ஆனால் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். ஒரு மாமா மகளுக்கென்று மேசையும் நாற்காலியும் கொண்டுவந்து போட்டார். கொடுக்க எதுவும் இல்லாத இஸ்திரிக்காரம்மா, புள்ளிக்கா வீட்டுத் துணியையெல்லாம், கிழிந்த போர்வை உட்பட, வாரிக்கொண்டு போய்ப் பெட்டி போட்டு, கத்தி மடிப்போடு அடுக்கி வைத்தாள். வீட்டுக்காரர் அப்படித் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தபோது கடன் கேட்கலாம் போல இருந்தார். ஆனால் இதில் அவருக்குச் சம்மதம் இல்லை.

மகளுக்கும் இல்லை. அட்டை போட்ட ஐந்து நோட்டையும் ஒரு பைக்குள் போட்டுப் பரணில் எறிந்துவிட்டு, அம்மாவோடு பேச்சை நிறுத்தி நான்கு நாள் ஆகியிருந்தது.

டை கட்டிய இளைஞன் காலையில் வந்தான். வாசலில் ஒரு கணம் திகைத்தான். சாமான் அப்படி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பிறகு கணினியை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். கட்டிலைத் தட்டினான். பிரிட்ஜைத் திறந்தான், விளக்கு எரிந்தது. துணி அடுக்கைப் பார்த்து, "அருமையா மெயின்டெயின் பண்றீங்க," என்றான். கூரையையும், ஈரம் ஏறிய சுவரையும், சோபாவில் நீட்டிக்கொண்டிருந்த முழங்காலையும் பார்த்துக் குறித்தான். கூரையை யாரிடமும் இரவல் வாங்க முடியவில்லை.

"நாற்பத்தாறு," என்றான். "இன்னும் ஒரே ஒரு கேள்வி. மறுமதிப்பீட்டுக்குன்னு புதுசா சேர்த்தது, ஆறு புள்ளி. இதைப் பிள்ளைதான் சொல்லணும். பெத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது, சாடையும் காட்டக் கூடாது."

இப்படி ஒரு கேள்வி இருப்பது புள்ளிக்காவுக்கே தெரியாது.  வாசலுக்கு வெளியே இரவல் கொடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர் சும்மா போகிறவர்கள் போல நின்றிருந்தார்கள்.

இளைஞன் மகளின் பக்கம் திரும்பி நிதானமாகப் படித்தான். "வீட்டுல நீ படிக்கறதுக்குன்னு தனி இடமும், பாடத்துல உதவி செய்ய ஆளும் இருக்காங்களா? இருந்தா வகுப்பு தேவையில்லைன்னு அர்த்தம். யோசிச்சுச் சொல்லும்மா. இல்லைன்னா இல்லைன்னு தைரியமா சொல்லலாம்."

மகள் மேசையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் சட்டை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிக்கா தரையைப் பார்த்தாள். அந்த நிமிடம் மகள் இல்லை என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பெற்ற மனதுக்கு அதுவும் தோன்றத்தான் செய்யும்.

"இருக்கு," என்றாள் மகள்.

"உதவி செய்ய ஆளு?"

"அதுவும் இருக்காங்க."

"ஐம்பத்திரண்டு," என்றான் இளைஞன். அம்மாவுக்குக் கை கொடுத்தான். "வாழ்த்துகள். மூணு மாசத்துல முப்பத்தொண்ணுலேர்ந்து ஐம்பத்திரண்டு! நம்ம நிறுவனத்துல வேலை பார்த்தா ஒரு குடும்பம் எவ்ளோ முன்னேறலாம்ங்கறதுக்கு நீங்கதான் உதாரணம். ஆண்டறிக்கையில போடலாம். சிரிங்க." பிரிட்ஜ் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனான்.

அவன் தலை தெருமுனையில் மறைந்ததும் புள்ளிக்கா மகளிடம் போய் நின்றாள்.

"நான் உன்னை எதுவும் சொல்லச் சொல்லலையேடி. உனக்கு அந்த வகுப்பு வேணும்னுதானே இருந்த? ஏன் அப்படிச் சொன்ன?"

மகள் நான்கு நாளுக்குப் பிறகு அம்மாவோடு பேசினாள். கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

"இல்லைன்னு சொன்னா, என் கிளாஸ்ல படிக்கிறவ நாளைலேர்ந்து வண்டியில நின்னு என் யூனிபார்மைத் தேய்ப்பா. அதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிம்மா ஸ்கூலுக்குப் போறது?"

புள்ளிக்கா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். கட்டிலுக்குச் சொந்தக்காரர் தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றதால், அந்த அழுகையையும் சீக்கிரமாக முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.