லோர்னாவும் ஒன்பது கார்களும்

எங்கள் ஒரிகன் மலைச்சாலையில் மண் சரிந்ததிலிருந்து மூன்று மைலுக்கு ஒரே தடம்தான்; இரு பக்கத்துக் கார்களும் மாறி மாறித்தான் போகவேண்டும். கார்களுக்கு முன்னே போய் வழிகாட்டும் பைலட் வண்டியை லோர்னா ஓட்டுவாள். வண்டியின் முதுகில் "என் பின்னால் வாருங்கள்" என்று பலகை இருக்கும். நான் ஒரு முனையில் "நில்" பலகையைப் பிடித்து நிற்பேன்.

முந்தப் பார்க்கிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. கிளம்புமுன் ஒவ்வொரு கார் ஜன்னலிலும் எரிந்துவிழுவாள்: "என் பின்னாலயே வரணும். கேள்வி கேக்கக்கூடாது."

அவள் வீடு அந்த மூன்று மைலுக்குள்தான். கடக்கும்போதெல்லாம் புகைபோக்கியைப் பார்ப்பாள். அன்று காலை பத்து மணிக்குப் புகையே இல்லை. வெளியே உறைபனி, வீட்டில் கணவன் வெர்ன் மட்டும். சட்டென்று வீட்டுப் பாதையில் திரும்பினாள். முதுகில் இருந்த பலகை ஞாபகமே வரவில்லை.

பின்னால் வந்த ஒன்பது கார்களும் கேள்வி கேட்காமல் திரும்பின.

கொட்டகையில் விறகடுக்கு சரிந்து, வெர்ன் இடுப்புவரை புதைந்து கிடந்தான். அவள் முதல் கட்டையைப் புரட்டுவதற்குள் பதினாறு பேர் இறங்கி வந்துவிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் ஆளை வெளியே எடுத்தார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை.

வெர்ன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "உன்னைக் கட்டி முப்பது வருஷம் ஆச்சு. நீ சொன்னதக் கேக்கிற ஆளுங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"நீயும் கேட்டிருந்தா இப்படிக் கிடப்பியா? அடிக்கட்டைய உருவாதேன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

அவனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, ஒன்பது கார்களோடு என் முனைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஏன் லோர்னா இவ்வளவு நேரம்?" என்றேன்.

சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கேள்வி கேக்காத. பலகையப் பிடி."