பனியனுக்குப் பின்னால் ஒரு லைட்

போன ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் ஒரு ரிசப்ஷன். மேடைக்கு எதிரே இரண்டு ராட்சத லைட்... நேருக்கு நேர், முழு வெளிச்சம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மூக்கு என்று ஒன்று இருந்ததா என்றே தெரியவில்லை.

வீடியோக்காரரின் காதோரம் போய், "ஒரு லைட்டை அணைங்க, முகம் வந்துரும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்ணா, லைட்டை அணைச்சா இருட்டாயிருமுங்களே!"

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அப்படி நினைத்து, பிழைப்பையே கோட்டை விடப் பார்த்தவன்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடை மாடியில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்றால் — ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, ஒரு நான். கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும்தான் வேலை. அப்பா கெடு வைத்துவிட்டார். தீபாவளிக்குள் உருப்படியாக ஏதாவது செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் மாமாவின் சாயப்பட்டறை. ஆயுசுக்கும் சாயத் தொட்டியோடு குப்பை கொட்ட எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

அப்போதுதான் கந்தசாமியண்ணன் படியேறி வந்தார். பனியன் கம்பெனி முதலாளி. புதுக் கட்டடத் திறப்பு விழாவில் டீலர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு விளம்பரம் வேண்டுமாம். "ஆளே இல்லாம பனியன் மட்டும் தானா நடந்து வரோணும் தம்பி. கம்ப்யூட்டர்ல முடியுமுங்களா?"

"முடியுமுங்க" என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது!

மூன்று வாரத்தில் பனியன் நடந்துவிட்டது. தோளைக்கூடக் குலுக்கியது. ஆனால் அனிமேஷனில் உருவம் செய்வது பாதி வேலைதான். கம்ப்யூட்டருக்குள் சூரியனா இருக்கிறது? நாம் லைட் வைத்தால்தான் எதுவும் தெரியும். பாலபாடம் மூன்று லைட். ஒரு பக்கமாக, சற்று உயரத்திலிருந்து அடிப்பது கீ லைட். அது போடும் நிழல் ரொம்பக் கறுத்துவிடாமல் எதிர்ப்பக்கத்தில் மங்கலாக வைப்பது ஃபில் லைட். மூன்றாவது... புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு லைட்டோடு கந்தசாமியண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கூடவே ருக்குமணியக்காவையும் அழைத்து வந்திருந்தார். கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் அவர் ராஜ்யம். அவர் கண்ணில் படாமல் ஒரு பனியன் வெளியே போகாது. கறையோ ஓட்டையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போட்டுவிடுவார். கையில் அந்த ஸ்டிக்கர் அட்டை.

மானிட்டர் முன்னால் குனிந்தார். பனியனின் அக்குளில் ஒன்று ஒட்டினார். கழுத்துக்குக் கீழே ஒன்று. இடுப்பு மடிப்பில் ஒன்று. பனியன் பாட்டுக்கு நடந்து போய்விட்டது, ஸ்டிக்கர்கள் அங்கேயே நின்றன. இப்போதாவது புரியும் என்று பார்த்தேன். அவர் ஸ்டிக்கரைப் பிய்த்து, பனியனைத் துரத்திப் போய் மறுபடி ஒட்டினார்.

"பூராவும் கறைங்க முதலாளி. ரிஜெக்ட்."

"அக்கா, அது கறையில்லீங்க... நிழல்."

"அது டீலருக்குத் தெரியுமுங்களா கண்ணு?"

கந்தசாமியண்ணன் தீர்ப்புச் சொன்னார். "வெள்ளைப் பனியன்ல கறுப்பு எதுக்குங்க? இன்னும் நாலஞ்சு லைட்டைப் போட்டு உடுங்க."

போட்டேன். நாலஞ்சு என்ன... எட்டு! எல்லாம் முன்னாலிருந்து. நிழல் ஒழிந்தது. கூடவே மடிப்பு ஒழிந்தது, கழுத்து ஒழிந்தது. பின்னணியும் வெள்ளையா... கடைசியில் பனியனே ஒழிந்தது. கம்பெனி லேபிள் மட்டும் தன்னந்தனியாக நடந்து வந்தது.

"பனியன் எங்கீங்க தம்பி?"

"நீங்க கேட்ட வெளுப்புக்குள்ளதானுங்க இருக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நாளானிக்குள்ள சரியா வர்லீன்னா உட்ருங்க தம்பி. போட்டோவே மாட்டிக்கறேன்" என்று படியிறங்கிவிட்டார். சாயப்பட்டறை வாடை மாடி வரைக்கும் வந்த மாதிரி இருந்தது.

ருக்குமணியக்கா மட்டும் நின்று திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். "எங்க மேஜைல கண்ணாடிக்கு அடியில டியூப் எரியுமுங்க. துணிக்குப் பின்னால வெளிச்சம் இருந்தாத்தான் துணி என்ன லட்சணம்னு தெரியும். நீங்க எல்லாத்தையும் முன்னாலயே கொட்டி வெச்சிருக்கறீங்க" என்றார். யோசனை சொல்லவில்லை. குற்றம் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

அவர் போனதும் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கரண்ட் போன அதே பக்கம். மூன்றாவது லைட் — பேக் லைட்! பின்னாலிருந்து அடித்தால் உருவத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு விழும். பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்டும். எட்டு லைட்டையும் தூக்கினேன். இடது பக்கம் ஒரு கீ, வலது பக்கம் மங்கலாக ஒரு ஃபில், முதுகுக்குப் பின்னால் ஒரு பேக். பின்னணிக்குக் கருநீலம். பனியன் திரும்பி வந்தது... கழுத்தும் மடிப்புமாக, தோளோரத்தில் வெள்ளிக்கோடு மின்ன. நான் போட்ட கூச்சலில் கீழே அண்டா தட்டுகிறவர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் ருக்குமணியக்கா வந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. "கறைன்னா ஒரே எடத்துல நிக்குமுங்க. இது நடக்க நடக்க மாறுது. பாஸ்" என்றார். அவர் சொன்ன பிறகு முதலாளிக்கு அப்பீல் ஏது?

திறப்பு விழாவில் டீலர்கள் கைதட்டினார்கள். நான் பந்தியில் ஜிலேபியை நிம்மதியாகக் கடித்தேன். இரண்டாவது கடிக்குள் கந்தசாமியண்ணன் தோளைத் தொட்டார்.

"தம்பி, தோள்ல ஒரு வெள்ளிக்கோடு ஓடுதுங்களே, அது என்ன நூலுங்க?"

"நூலில்லீங்ணா. லைட்டு."

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "லைட்டா! டீலருங்க எல்லாரும் அந்த மாடல்தான் வேணுங்கறாங்க. அடுத்த வாரம் சாம்பிள் தர்றேன்னு சொல்லிப்போட்டனே!"

ஆர்டர் கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லும் வாய் திருப்பூரில் யாருக்காவது உண்டா? சொன்ன வாரத்தில் தோளோரம் பளபளக்கும் சாம்பல் நிறத்தில் பைப்பிங் என்கிற மெல்லிய நாடா வைத்துத் தைத்தே விட்டார்கள். அந்தப் பைப்பிங்குக்குச் சாயம் போட்டது, நம்புங்கள், என் மாமாவின் பட்டறை. அப்பா அதற்கப்புறம் கெடு பற்றி வாயே திறக்கவில்லை. கொஞ்ச நாளில் டீக்கடையில் ஒருவர் நட்ட நடு வெயிலில் என் பேக் லைட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வடை தின்பதைப் பார்த்தேன்.

அந்த மாடலுக்கென்றே ஒரு விளம்பரம் செய்ய கந்தசாமியண்ணன் மறுபடி படியேறி வந்தார்.

"எல்லாம் போன தடவை மாதிரியே இருக்கட்டுங்க தம்பி. பின்னால போட்டீங்களே ஒரு லைட்டு... அது மட்டும் வேண்டாங்க. நாங்க தெச்ச கோடு எடுபடாது!"