நிச்சயமாகப் பாடவா?

என் தங்கையின் கணவருக்கு அலுவலகத்தில் ‘நிச்சயமா’ என்று பட்டப்பெயர். குடிநீர் வழங்கும் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் நாங்கள் இருவரும் இருபத்தாறு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் பணியாற்றினோம். ஒருமுறை எழுத்தர் ஒருவர் தவறான விசையை அழுத்தி, ஒரு வட்டாரத்தின் இணைப்பு விவரங்களை அடியோடு அழித்துவிட்டார். அவற்றை மீண்டும் தட்டச்சு செய்து முடிக்கப் பதினோரு நாள் பிடித்தது. அதன்பின் மாப்பிள்ளை எழுதிய எந்த நிரலும், ‘நிச்சயமாகவா?’ என்று ஒருமுறை கேட்காமல் எதையும் செய்ததில்லை.

தங்கையும் மாப்பிள்ளையும் குடிபோன முதல் வாடகை வீட்டில் இரண்டே அறைகள். நடுச்சுவர்ப் பலகையில் ஒரு வானொலிப் பெட்டி. அதன் குமிழ் எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். தங்கை சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து அதைத் திருகுவாள். ‘டக்’கென்ற ஓசை வாசல்வரை கேட்கும். பிடிக்காத பாட்டானால் பாதியிலேயே நிறுத்திவிடுவாள்.

“பாவம், பாடி முடிக்கட்டுமே” என்பார் மாப்பிள்ளை.

“முடிக்கட்டும், அவங்க வீட்ல.”

அறுபதைக் கடந்ததும் அவளுக்குக் கைநடுக்கம் வந்தது. பாட்டெல்லாம் அதற்குள் இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நிறுத்தும் பொத்தான் தளத்துக்குத் தளம் வேறிடத்தில், மிளகளவில் இருந்தது. சுட்டியை அதன்மேல் நிறுத்த அவளால் இயலவில்லை. போட்டுத் தரும்படி பிறரைக் கேட்கவும் மாட்டாள். நாளடைவில் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு அந்த நிசப்தம் பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற நாளில் மூடிவைத்த கட்டமிட்ட நோட்டை மறுபடி எடுத்தார். உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சிறு நிரல் ஒன்றை எழுதலானார், எக்ஸ்டென்ஷன் என்பார்கள். எந்தத் தளத்தில் பாட்டு இருந்தாலும் விசைப்பலகையின் மிக நீண்ட விசை ஒன்றே போதும்: தட்டினால் பாடும், மீண்டும் தட்டினால் நிற்கும். ஐந்து வாரம் உழைத்தார்.

வெள்ளோட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தங்கை விசையைத் தட்டினாள். பாட்டு வரவில்லை, திரையில் ஒரு கட்டம் எழுந்து, ‘நிச்சயமாகப் பாடவா?’ என்றது.

“பாட்டு கேக்கறதுக்கு உங்ககிட்ட மனு போடணுமா?” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளையின் முகம் சிறுத்துவிட்டது. “கைப்பழக்கம், மச்சான்” என்று முணுமுணுத்தபடி அந்தக் கேள்வியை அங்கேயே நீக்கினார்.

அடுத்து வேறொரு சிக்கல். நடுங்கும் விரல் ஒரு தட்டுக்கு இரண்டாகத் தட்டியது. தொடங்கிய பாட்டு உடனே நின்றது. முதல் தட்டுக்குப்பின் எவ்வளவு நேரத்துக்குள் வரும் தட்டுகளைப் பொருட்படுத்தாமல் விடுவது? மாப்பிள்ளை அவளருகே அமர்ந்து, நிரல் காட்டிய இடைவெளிகளை நோட்டில் வரிசையாகக் குறித்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

“என் கை ஆடறத எழுதி வைக்கறீங்களா?”

எழுந்து போனவள் மூன்று நாள் கணினிப் பக்கமே திரும்பவில்லை.

நான்காம் நாள் மாலை நான் மறுபடி சென்றபோது, மாப்பிள்ளை நோட்டைச் சமையல் மேடையில் விரித்து வைத்தார். அவளுடைய வரிசைக்குப் பக்கத்தில் தம் விரலின் தட்டுகளையும் குறித்திருந்தார். அவற்றிலும் நான்கைந்து இரட்டைத் தட்டுகள் இருந்தன.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“உங்க கையும்தான் ஆடுது.”

“பின்ன, எனக்கு மட்டும் வயசு நிக்குமா?”

“இதெல்லாம் சாயங்காலம் எடுத்தது. காலைல எனக்கு இன்னும் ஜாஸ்தியா ஆடும். இடைவெளிய ஒரு வினாடியா வையுங்க.”

அவர் எடுத்த குறிப்புகள் எதிலும் அந்தத் தகவல் இல்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

அன்று நான் அங்கேயே தங்கினேன். காலையில் கூடத்திலிருந்து பாட்டு எழுந்தது. சரணம் தொடங்குவதற்குள் சட்டென நின்றது.

நாளிதழைத் தாழ்த்திய மாப்பிள்ளை, “பாவம், பாடி முடிக்கட்டுமே” என்றார்.

“முடிக்கட்டும், அவங்க வீட்ல.”